கயிற்றுக்கு வெளியே ஒரு பயிற்சியாளர்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். சின்னவனுக்கு இருமல் விட்டதா? உன் வீட்டுக்காரி புது வேலையில் ஒட்டிக்கொண்டாளா? உன் அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு. பூட்டுக் கடையில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருந்தால் இடுப்பு பிடிக்காமல் பாட்டா பாடும்?

போனில் நான் உன்னைப் பேச விடுவதில்லை, இனிமேல் எழுது என்று சொன்னாய் அல்லவா? எழுதிவிட்டேன். இப்போது குறுக்கே பேசாமல் முழுவதும் படி.

கால்பந்து சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. மார்ச்சில் ஆட்டங்கள் தொடங்கும்போது லைசென்ஸ் இல்லாத பயிற்சியாளர் யாரும் கோட்டுப் பக்கம் நிற்கக் கூடாதாம். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார்களாம். வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நானும் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டுமாம். லைசென்ஸ் வேண்டுமென்றால் வகுப்பு, முதலுதவி, குழந்தைப் பாதுகாப்பு, போலீஸ் சான்று, கடைசியில் மைதானத்தில் தேர்வு. இத்தனையும் தாண்டினால் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை தருவார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுக்க இவ்வளவா? மீன் குஞ்சுக்கு நீச்சல் சான்றிதழ் கேட்கிற கதையாக இருக்கிறது.

என் பிள்ளைகள் இந்த வருடம் கோப்பை வாங்குகிற பிள்ளைகள். கோல் காக்கிறவளுக்குப் பெயரே குட்டிச்சுவர், பந்து அவளைத் தாண்டாது. முன்னால் ஓடுகிறவள் வாயாடி. காலும் வாயும் ஒன்றாக ஓடும். பின்னால் நிற்கிறவள் பூனை. பேசவே மாட்டாள், ஆனால் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பாள். எல்லாருமே அப்படித்தான். லாண்டரியில் ஆறு இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்க்கிற தொண்டை இது. "இடது! பின்னாடி! இப்ப அடி!" என்று கோட்டில் நின்று கத்தினால் எதிர்க்கோடிக்குக் கேட்கும். இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் எனக்குச் சனி ஞாயிறு எதற்கு, சொல்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அந்த லைசென்ஸ் வகுப்பு எடுக்கிறவனே என் தம்பி. பார்த்துச் செய். ஒரு கையெழுத்து, ஒரு அட்டை, அவ்வளவுதான்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே பேசாமல்தான் படித்தேன். இருமல் விட்டது, ஆனால் பள்ளிக்கூடம் போகிற காலையில் மட்டும் திரும்பி வருகிறது. வீட்டுக்காரி ஒட்டிக்கொண்டாள். அத்தானை உயரமான ஸ்டூலில் உட்காரச் சொல், இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இங்கே எனக்கு வகுப்பில் முப்பது பேர். ஒருவர் பல் டாக்டர். பிள்ளைகள் கோட்டை விட்டால் பல்லைக் கடிக்கிறார், நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறோம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்கிறான். குட்டிச்சுவருக்குக் கையுறை பழசாகியிருக்கும், நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பல் டாக்டரைப் பற்றி எழுதினாய், குழாயைப் பற்றி எழுதினாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தவிர மற்றதெல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. முடியாதென்றால் முடியாது என்று எழுது. வெந்நீர் ஒத்தடம் எனக்குத் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

முடியாது.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உன்னிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, அதனால் குழாய்க்குள் ஒளிந்துகொண்டேன். ரத்த சம்பந்தம் உள்ளவருக்கு நாங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. விதி இல்லாவிட்டாலும் போட மாட்டேன். மோதி விழுந்து தலை சுற்றுகிற பிள்ளையின் முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்ல, ஓடு" என்று மறுபடி இறக்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான். தெரியாதவர்கள். இந்த விதிகள் அந்தப் பிள்ளைக்காக வந்தவை, அக்கா, உன்னை விரட்ட வந்தவை அல்ல.

மே மாதம் உங்கள் ஊர் விளையாட்டு அரங்கிலேயே ஒரு வகுப்பு நடக்கிறது. நான் வர மாட்டேன், வேறு ஆட்கள் எடுப்பார்கள். சேர்ந்துவிடு. உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதுவரை ஆட்ட நாளில் மட்டும் லைசென்ஸ் உள்ள யாரையாவது நிறுத்திக்கொள்.

கோபம் ஆறியதும் எழுது. அத்தான் இடுப்பு எப்படி இருக்கிறது?

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். இடுப்பு தேவலை. கையுறை வந்தது. குட்டிச்சுவர் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாளாம், அவள் அம்மா சொன்னாள்.

கோபம் ஆறவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் ஆட்டம் நடந்தது. சங்கத்தில் ஒரு பையனைப் பிடித்துக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவன், போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கினானாம். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி கோட்டில் நின்றான். அட்டைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டேன். நல்ல பையன்தான், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை? ம்ஹூம். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கயிற்றுக்கு வெளியே. பக்கத்தில் பெற்றோர்கள், ஒரு பலூன்காரர், கொட்டாவி விடுகிற ஒரு தாத்தா. ஆரம்பித்த உடனே "பூனை, இடது பக்கம்!" என்று ஒரே ஒரு முறைதான் கத்தினேன். நடுவர் விசிலை ஊதிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "அம்மா, இன்னொரு தடவை சத்தம் வந்தா நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும்." பலூன்காரர் சிரித்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஆட்டம் முடிகிறவரை எடுக்கவில்லை.

மைதானத்தில் புல் சரியாக வெட்டவில்லை. வெயில் அதிகம். நடுவருக்குத் தொப்பை இருந்தாலும் ஓடுகிறார், குறை சொல்ல முடியாது. முடிந்ததும் சட்டைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு நேரே லாண்டரிக்குப் போய்விட்டேன். மண் கறை போக இரண்டு முறை துவைக்க வேண்டியதாயிற்று.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாய். புல் எழுதினாய், வெயில் எழுதினாய், நடுவரின் தொப்பையைக்கூட எழுதினாய். எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் எழுதவில்லை. எனக்குப் புரிகிறது. முதல் ஆட்டம், புது ஆள், நீயும் கோட்டில் இல்லை. தோற்றால் தோற்றதுதான், விடு. ஒரு தோல்வியில் வானம் இடிந்து விழாது. பிள்ளைகள் அழுதார்களா? நான்கு கோல் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுது.

மே வகுப்புக்குப் பெயர் கொடுத்தாயா?

தம்பி


ஏப்ரல் 26

மச்சானுக்கு உன் அத்தான் எழுதுவது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பூட்டைத் திறக்கத்தான் தெரியும். போன மாதம் நீ எழுதிய கடிதம் வந்தது. உன் அக்கா படித்தாள், அலமாரியில் வைத்தாள், பதில் எழுதவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு அவர்கள் தோற்கவில்லை. ஜெயித்தார்கள். மூன்றுக்குப் பூஜ்யம். அதற்கடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். போன வருடம் அந்த முதல் ஆட்டத்து அணியிடம் இவள் கத்து கத்து என்று கத்தி, சமனில்தான் முடிந்தது.

முதல் ஆட்டம் முடிந்து வந்ததிலிருந்து வீட்டில் அவள் பேச்சே இல்லை. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் எனக்குச் சுகமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. நேற்று பந்துப் பையையும் மைதானச் சாவியையும் எடுத்துக் கொண்டுபோய் அந்த மருந்துக்கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "அவங்களுக்கு நான் வேண்டாம். நான் வாயை மூடினாத்தான் அதுங்க ஆடுதுங்க" என்றாள். அப்புறம் துணி மடித்தாள்.

எனக்கு அவளைச் சமாதானம் செய்யத் தெரியவில்லை. நீ எழுது. நான் எழுதியதாகச் சொன்னாலும் பரவாயில்லை.

இடுப்பு சரியாகிவிட்டது.

அத்தான்


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எழுதினார். அவர்மேல் பாயாதே. அவர் வாழ்நாளில் எழுதிய நீளமான கடிதம் அதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த மூன்று கோலும் உன்னுடையதுதான் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். அது பாதிதான் உண்மை. பந்தை நிறுத்த, உதைக்க, ஓட, விழுந்தால் எழுந்திருக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது. ஆனால் அன்றைக்கு அதை அள்ளிப் போட்டது அவர்கள். அதை உன்னிடமிருந்து பிடுங்கி எடுத்ததாக நீ நினைக்கிறாய். இல்லை, அக்கா. நீ கொடுத்தது வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தெருவில் நீயும் நானும் பந்து விளையாடிய காலத்தில் நீ போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்த வயதில் ரோட்டைக் கடக்கும்போதுகூட "இப்ப ஓடு!" என்று உன் குரல் கேட்டால்தான் கால் நகர்கிறது. அதனால் நான் லாரியில் அடிபடாமல் இருக்கிறேன். ஆனால் எப்போது ஓட வேண்டும் என்று நானாகக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப வருடம் ஆனது.

சாவியைத் திரும்ப வாங்கு. வகுப்புக்குப் போ. பன்னிரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டு உட்கார உனக்கு வராது. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான், ஆனால் உன் அணியில் உன் ஒருத்திக்குத்தான் வாய் இருந்தது.

உன் தம்பி


ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ, வீட்டுக்காரி, சின்னவன் எல்லாரும் நலமா?

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கலாம் என்று நினைத்தேன். உன் அத்தான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கேட்டு வாங்கி மறுபடி படித்தேன். மறுநாள் வகுப்பில் சேர்ந்தேன்.

முதலுதவி வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். துணி பிழிந்த கை, சும்மா விடுமா? பொம்மைக்குள் எதுவோ முறிந்த சத்தம். "அம்மா, ஆளைக் காப்பாத்தணும், துவைக்கக் கூடாது" என்றார் நர்ஸ். தலையில் அடிபட்டால் பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. நீ எழுதியது நினைவுக்கு வந்தது.

எழுத்துப் பரீட்சையில் வகுப்பிலேயே நான்தான் முதல். மறைக்காமல் எழுதச் சொன்னாய் அல்லவா, அடுத்ததையும் எழுதுகிறேன். மைதானத் தேர்வில் தேறவில்லை.

முன்பின் பார்த்திராத பிள்ளைகளைக் கொடுத்துப் பயிற்சி நடத்தச் சொன்னார்கள். தேர்வாளர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா. நான் பிய்த்து உதறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே நிற்க வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்று பிட்டுப் பிட்டு வைத்தேன். முடிந்ததும் அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சொன்னது எல்லாமே சரிங்க. ஒண்ணுகூடத் தப்பில்ல. அந்தப் பிள்ளைங்க யோசிக்கத்தான் நீங்க எதையுமே மிச்சம் வைக்கல. அடுத்த மாசம் வாங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சரி என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவரை என்ன செய்வது? பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. அடுத்த மாதம் போவேன். தேறாமலே விட்டுவிட நான் என்ன இளிச்சவாயா?

சாவி கேட்கப் போனபோது அட்டைக்காரன் ஓடி வந்து கொடுத்தான். அன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க முறைச்சிட்டே நின்னீங்கக்கா. எதைச் சொன்னாலும் தப்பாயிடும்னு பயந்துட்டேன்" என்றான். அவன் வாயை மூடிக்கொண்டது லைசென்ஸ் வகுப்பில் படித்த வித்தை இல்லை, பயத்தில் வந்தது. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அந்தக் கண்ணாடி அம்மாதான் எனக்கும் தேர்வு வைத்தவர். என்னை எத்தனை முறை திருப்பி அனுப்பினார் என்பதை மட்டும் எழுத மாட்டேன். நீ எழுத்துப் பரீட்சையில் முதல் என்று இங்கே என் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பொம்மைக்கு என்ன ஆயிற்று?

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். பொம்மையும் நலம், சரிசெய்துவிட்டார்கள்.

அட்டை வந்துவிட்டது. போட்டோவில் நான் யாரையோ அடிக்கப் போவது போல இருக்கிறேன். உன் அத்தான் அதைப் பார்த்து, "அப்படியே உன்னை மாதிரி இருக்கு" என்றார். நேற்று அரையிறுதி. கயிற்றுக்கு உள்ளே, கோட்டில் நின்றேன். பக்கத்தில் அட்டைக்காரன், இப்போது எனக்கு உதவியாள். தோற்றோம், ஒன்றுக்கு இரண்டு. கோப்பை போயிற்று. கவலைப்படாதே, உன்னிடம் ஆறுதல் கேட்டு இதை எழுதவில்லை. நடந்ததைக் கேள்.

வாயாடி ஒரு கோல் போட்டு நாங்கள் முன்னணியில் இருந்தோம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்த குட்டிச்சுவர் எதிரணிப் பிள்ளையோடு மோதி விழுந்தாள். தலையில் அடி. உடனே எழுந்து, "ஒண்ணுமில்லக்கா, நான் நிக்கிறேன்" என்றாள். கண்ணைப் பார்த்தேன், கேள்வி கேட்டேன். எந்தப் பக்கம் கோல் என்று கேட்டதற்கு யோசித்துத்தான் சொன்னாள். வெளியே கூட்டி வந்துவிட்டேன். அழுதாள், என் கையை உதறினாள், இவர் இனி என் பயிற்சியாளர் இல்லை என்றுகூடச் சொன்னாள். அவள் அம்மாவோடு டாக்டரிடம் அனுப்பினேன். இன்று காலை போய்ப் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள். ஒரு வாரம் விளையாடக் கூடாது என்றிருக்கிறார் டாக்டர். என்னோடு பேச்சு இன்னும் இல்லை, ஆனால் நான் கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றாள்.

எங்களிடம் வேறு கோல் காக்கிறவள் கிடையாது. யாரை நிறுத்துவது? எனக்குத் தெரியும், தம்பி. வாயாடி உயரமானவள், அவளைத்தான் நிறுத்த வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. துண்டு இல்லை, அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். "யார் நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். பதினொரு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. அட்டைக்காரன் என்னைப் பார்த்தான், அவனுக்கும் சொல்லவில்லை. அப்போது பூனை வந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் கைக்கு அது பெரிசு. "வாயாடி முன்னாடியே இருக்கட்டும். அவ வந்துட்டா கோல் போட ஆளில்ல" என்றாள். இந்த மூன்று வருடத்தில் அவள் அணியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இரண்டு கோல் விட்டாள். ஐந்தாறைத் தடுத்தாள். ஒன்றை முகத்தாலேயே தடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளையும் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டுத்தான் நிற்க விட்டேன். எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. நான் சொன்னபடி செய்திருந்தால் ஜெயித்திருப்போமா? இருக்கலாம். தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சண்டை. நீ ஏன் அங்கே போனாய், நீ ஏன் தரவில்லை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஒருத்திகூட அழவில்லை, ஒருத்திகூட என்னிடம் நியாயம் கேட்டு வரவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் ஜெயித்த நாளில்கூட வந்ததில்லை.

அப்புறம் பூனை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த ரெண்டாவது கோலுக்கு நான் எங்க நின்னிருக்கணும்?"

எனக்கு விடை தெரியும். இரண்டடி முன்னால், கொஞ்சம் வலது பக்கம்.

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன்.

சொல்ல ஆரம்பித்தாள். கையால் ஜன்னல் கண்ணாடியில் கோல் கம்பம் வரைந்தாள், பந்து வந்த வழியை வரைந்தாள், தான் நின்ற இடத்தைக் காட்டினாள், அழித்துவிட்டு வேறு இடத்தைக் காட்டினாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று யாருக்குத் தெரியும்? அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போய்விட்டது. அவளும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கி அவள் வீடு வரை நடந்தோம். வாசலில் அவள் அம்மா கதவைத் திறக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா